எந்த மேஜையில் சொன்னான்

பிளம் ஃபோர்க்
பிப்ரவரி 20, 1974

லோரீனுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அடக்கத்தன்று ஈரப் புல்லில் அவ்வளவு நேரம் நின்றாய், வீங்கியிருக்கும். நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன். தூக்கம் வருவதில்லை. வந்தால் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை.

டெலிபோனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. எங்கள் மலைப் பள்ளத்தில் ஐந்து வீட்டுக்கும் ஒரே டெலிபோன் கம்பி. நான் எடுத்தால் அந்தப் பக்கம் ஒவ்வொருவராக எடுக்கிற சத்தம் கேட்கிறது. நேற்று உன்னோடு பேசி அழுததை இன்று கடையில் விசாரிக்கிறார்கள்.

சமையலறை முழுக்கப் பாத்திரம். சாவு வீட்டுக்கு ஊரே சமைத்துக் கொண்டு வந்தது, இப்போது எல்லாவற்றின் அடியிலும் ஒட்டியிருக்கிற பேரைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது, அதனால் தினமும் எதையாவது சுடுகிறேன். ஹோபர்ட் இருந்தபோதுகூட இவ்வளவு சுட்டதில்லை. ஆப்பிள் கேக் கொண்டு வந்தாயே, உன் நீல எனாமல் பாத்திரம், அதுவும் இங்கேதான் இருக்கிறது.

ராய்ஸ் வந்திருந்தார். மாவட்டக் கட்சித் தலைவர் துக்கம் கேட்க வரவேண்டியதுதான். ஆனால் வந்ததும் ஹோபர்ட்டின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மே மாசம் சட்டசபை ஓட்டுச்சீட்டுல ஹோபர்ட் பேரு இருந்த இடம் காலியாயிருச்சு அக்கா. கமிட்டிதான் வேற பேரு போடணும். உங்க பேரைப் போட்டா சனங்க கண்ணை மூடிட்டுக் குத்துவாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். கறுப்பு உடுப்புல ஒரு போட்டோ, அது போதும்."

"ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சப்புறம் கஷ்டமா இருந்தா, உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் மருமகன் எதுக்கு இருக்கான்?"

நான் காபி ஊற்றினேன். எங்கள் பக்கம் இன்னொரு கட்சிக்கு ஆளே கிடையாது என்பது உனக்குத் தெரியும். மே மாதம் கட்சிக்குள் நடக்கிற தேர்தலில் ஜெயித்தவன் நவம்பர் பொதுத் தேர்தலில் தூங்கலாம்.

அவர் போன பிறகு அந்தச் சமையலறை மேஜையைத் துடைத்தேன். எத்தனை பேர் அதில் உட்கார்ந்து, "ஹோபர்ட், இந்தத் தடவை உன்னை எதுத்து நிக்கப்போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அதுதான் முறை. முதலில் மேஜை, பிறகுதான் மனு. சொல்லாமல் மனுக் கொடுத்தவனுக்கு அவன் வீட்டு நாய்கூட ஓட்டுப் போடாது. இந்த வருஷம் யாரும் வரவில்லை. "எல்லாப் பயலும் எனக்கு பயந்துட்டான் பாரு" என்று ஹோபர்ட் சிரித்தார்.

சட்டசபை நடக்கும்போதெல்லாம் உன் வீட்டில்தானே தங்குவார், கடைசி நாள் அங்கே என்ன சாப்பிட்டார், என்ன பேசினார், எல்லாவற்றையும் எழுது. அடக்கத்தன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்புடன்,
வெஸ்டா


சார்ல்ஸ்டன்
பிப்ரவரி 26, 1974

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் தேவலை. நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எனக்குக் கவலை. தூக்கத்துக்குப் பாலைச் சூடாக்கிக் குடியுங்கள். என் வீட்டுக்காரர் போனபோது எனக்கு அதுதான் உதவியது.

கடைசி நாள் பற்றிக் கேட்டீர்கள். சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. அண்ணன் சட்டசபையிலிருந்து வந்தார். பீன்ஸும் சோள ரொட்டியும் செய்திருந்தேன். நன்றாகச் சாப்பிட்டார். கால் குளிர்கிறது என்றார், கம்பளி கொடுத்தேன். காலையில் எழுப்பப் போனபோது போயிருந்தார். கஷ்டப்படவில்லை. கடைசிவரை உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதை நினைத்து ஆறுதலாக இருங்கள்.

ராய்ஸ் பேச்சைக் கேட்காதீர்கள் அண்ணி. உங்களுக்கு எதற்கு இந்தத் தொல்லை. இங்கே படித்த வக்கீல்களே திணறுகிறார்கள். நீங்கள் ஆறாம் வகுப்போடு நின்றவர், உங்களைக் கூட்டத்தில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். அண்ணன் பேர் கெட்டுப்போகும். வீட்டில் நிம்மதியாக இருங்கள்.

அண்ணனின் துணிப்பெட்டியை அனுப்புகிறேன். எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோரீன்


பிளம் ஃபோர்க்
மார்ச் 5, 1974

லோரீனுக்கு,

பால் குடித்துப் பார்த்தேன். பிரயோசனமில்லை. உன் முழங்கால் தேறியதில் சந்தோஷம்.

நேற்று நோலாவின் பாத்திரத்தைக் கொடுக்கப் போனேன். அவள் புருஷன்தான் மாவட்ட அலுவலகத்தில் மனு வாங்குகிறவர். கதவைத் திறந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்க்கா எல்டன். மாமாவை எதுத்து மனு குடுத்துட்டு அவரு இப்படிப் போனா மனசு என்ன பாடுபடும்" என்றாள்.

"எந்த எல்டன்?" என்றேன்.

"உங்க நாத்தனார் மகன் எல்டன்தான். வேற எந்த எல்டன் இருக்கான்? ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, மூடப்போற நேரத்துல வந்து குடுத்தானாம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

"தனியா வரலையாம். அவன் கார்ல யாரோ ஒரு பெரியவரு தொப்பியை மூக்குவரைக்கும் இறக்கிட்டு உக்காந்திருந்தாராம். எங்க வீட்டுக்காரரு ஜன்னல்ல பாத்திருக்காரு. ராய்ஸ் ஆளுன்னு ஊர்ல பேச்சு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

லோரீன், அன்று ஹோபர்ட் வீட்டில் இருந்தார். வார விடுமுறைக்கு வந்திருந்தார். மத்தியானம் முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவர், கடையில் கூட்டம் என்று அப்படியே திரும்பி வந்தார். முடிவெட்டும் கடை அந்த அலுவலகத்துக்கு எதிரில்தான். எல்டன் படி ஏறுவதைப் பார்த்திருந்தால் வந்து சொல்லியிருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது.

உன் மகன் எங்கள் மேஜைக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து இரண்டு தட்டு பன்றித் தொடைக்கறி சாப்பிட்டான், அப்போதும் சொல்லவில்லை. உனக்கு இது தெரியுமா? தெரியும் என்றால் எப்போதிலிருந்து?

மறுதபாலில் பதில் எழுது.

வெஸ்டா


சார்ல்ஸ்டன்
மார்ச் 16, 1974

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிச் சமையலறையில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், அவர்கள் வேலையும் என் தலையில். இங்கே மழை ஓயவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

எல்டன் விஷயம், இளைஞன், ஆசை இருக்காதா. நாலு பேருக்குப் பேர் தெரியட்டும் என்று கொடுத்திருப்பான். அண்ணன் மேல் அவனுக்கு எவ்வளவு மரியாதை என்பது உங்களுக்கே தெரியும். நோலா வாய்க்குப் பூட்டுப் போட யாராலும் முடியாது. அவள் பேச்சை வைத்துக்கொண்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ராய்ஸுக்கு முடியாது என்று சொல்லிவிட்டீர்களா?

பெட்டியைப் பஸ்ஸில் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்து சேரும்.

லோரீன்


பிளம் ஃபோர்க்
மார்ச் 22, 1974

லோரீன்,

பெட்டி வந்தது.

சட்டைகளை எடுத்து முகர்ந்து பார்த்தேன். உன் சோப்பு வாசம்தான் இருக்கிறது. ஏன் துவைத்தாய்? துவைக்காமல் அனுப்பியிருக்கலாம்.

மூன்று பேண்டையும் எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது கை ஏதோ தடிப்பில் பட்டது. உள்பக்கம் திருப்பினேன். இடுப்பைப் பிடித்துத் தைத்திருக்கிறது. ஒரு தடவை அல்ல. ஒரு தையலுக்குள் இன்னொரு தையல். பூனைப் பல் மாதிரி நெருக்கமாகப் போகும் உன் கை எனக்குத் தெரியாதா? என் கல்யாண உடுப்பின் ஓரத்தை நீதானே தைத்தாய்.

வீட்டுக்கு வந்தால் தோளில் வார் மாட்டுகிற அந்தத் தொளதொள வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் சுற்றுவார். கன்னம் ஒட்டியிருக்கிறதே என்றால், "லோரீன் சமையலைச் சாப்பிட்டுப் பாரு, உனக்கும் ஒட்டும்" என்பார். நான் சிரித்துக்கொண்டே உங்கள் வீட்டுக்கு உருளைக்கிழங்கும் உப்புக்கறியும் கட்டி அனுப்புவேன். நீ அதை வாங்கிக்கொண்டு நன்றி என்று எழுதுவாய்.

"அண்ணன் நலம். நன்றாகச் சாப்பிடுகிறார்." ஜனவரி முழுக்க இதைத்தானே எழுதினாய். நாம் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் முழங்காலைக் கேட்கிறோம், தூக்கத்தைக் கேட்கிறோம். அவர் உடம்பைப் பற்றி மட்டும் நீ ஒரு உண்மை எழுதவில்லை.

இன்னொன்று. எல்டன் உங்கள் அப்பாவின் பழைய வீட்டுக்குக் குடிவந்தது அக்டோபரில். அணில் வேட்டைக்கு வந்தேன் என்றான். அவன் கையில் துப்பாக்கியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஓட்டை இந்த மாவட்டத்துக்கு மாற்றிக்கொண்டு மனுக் கொடுத்திருக்கிறான். அப்படியானால் அக்டோபரிலேயே உங்களுக்கு ஏதோ தெரியும். தினமும் என் வாசல் வழியாகத்தான் காரில் போகிறான். தலையைத் திருப்புவதில்லை.

என்ன தெரியும் உங்களுக்கு?

வெஸ்டா


பிளம் ஃபோர்க்
ஏப்ரல் 2, 1974

லோரீன்,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லாமல் இருக்கிறாயோ என்று முதலில் நினைத்தேன். பழக்கம், சட்டென்று விடுவதில்லை.

ராய்ஸ் மறுபடி வந்தார். பதினாறாம் தேதி கமிட்டி கூடுகிறதாம், அதற்குள் சொல்ல வேண்டுமாம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. கடைசியா அந்த வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட்டாரு. அதுக்கு முன்னாடியே பையன் மனுவும் குடுத்துட்டான். ஊர்ல கேக்கறாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாதவரு காபியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றேன்.

அவர் போன பிறகு அந்தக் கோப்பையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே அதை நினைத்தேன், லோரீன். உன்னை, உன் அடுப்பை, உன் பீன்ஸ் பானையை நினைத்தேன். அன்று பகல் முழுக்க நினைத்தேன். மறைப்பானேன். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைக்கும்படி என்னை விட்டுவிட்டாயே, அதுதான்.

உன் நீலப் பாத்திரத்தைப் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.

வெஸ்டா


சார்ல்ஸ்டன்
ஏப்ரல் 6, 1974

அண்ணி,

பாத்திரம் வந்தது. கட்டைப் பிரித்து உள்ளே பார்த்தேன். தாளில் ஏதாவது சுற்றி வைத்திருப்பீர்கள் என்று மறுபடி கையை விட்டும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எப்படி எழுதாமல் இருப்பது.

அக்டோபர் முதல் வாரத்தில் அண்ணன் இங்கே டாக்டரைப் பார்க்க வந்தார். உங்களிடம் கட்சி வேலை என்று சொல்லிவிட்டு வந்தார். நுரையீரலில் கட்டி, ஒன்றும் செய்வதற்கில்லை, கோடைக்காலம்வரை தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். நேரே என் வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் தொப்பியை வைத்தார். "வெஸ்டாவுக்குத் தெரியக் கூடாது" என்றார். அதுதான் முதல் வார்த்தை. டாக்டர் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ராய்ஸை நினைத்துத்தான் அவருக்கு பயம். தான் போன பிறகு கமிட்டி பேர் போட்டால் அது ராய்ஸ் மருமகன் பேராகத்தான் இருக்கும். முன்பே எல்டன் பேரும் சீட்டில் இருந்துவிட்டால் ராய்ஸுக்கு வழி அடைபடும் என்று கணக்குப் போட்டார். எல்டனை அன்றே கூப்பிட்டோம். எல்டன் வந்து, இதே மேஜையில் உட்கார்ந்து, "மாமா, நான் உங்களை எதுத்து நிக்கறேன்" என்று முறைப்படி சொன்னான். அண்ணன் கை கொடுத்தார். அதனால் என் மகன் முறை தவறவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். அவனுக்கும் அந்த இடத்தின் மேல் ஆசை உண்டு.

காரில் தொப்பியோடு இருந்தவர் அண்ணன்தான். எல்டன் பாதியில் திரும்பிவிடுவானோ என்று கூடவே போனார்.

அம்மாவின் பைபிள் மேல் என் கையை வைக்கச் சொன்னார் அண்ணி. நான் என்ன செய்ய முடியும். இடுப்பைப் பிடித்துத் தைக்கும்போது நின்றுகொண்டே தூங்கிவிடுவார். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியது "அண்ணன் நலம்".

லோரீன்


பிளம் ஃபோர்க்
ஏப்ரல் 10, 1974

லோரீன்,

உன் கடிதம் கிடைத்தது. உட்கார்ந்து படித்தேன், நின்று படித்தேன். பிறகு சாலையோரம் போய் நின்றேன். எல்டன் கார் வந்தது. நடுவில் நின்றேன். நிறுத்தாமல் எங்கே போவான்.

"வா, உள்ள வா. காபி குடிச்சுட்டுப் போ" என்றேன்.

"லேட்டாயிருச்சு அத்தை."

"ஆறு மாசம் லேட்டாயிருச்சு. இன்னும் கொஞ்சம் ஆனா என்ன?"

வந்தான். ராய்ஸ் மாதிரி அவன் ஹோபர்ட் நாற்காலியில் உட்காரவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சுவரோர நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அழுதான். முகத்தைத் துடைக்கத் துணி கொடுத்தேன், பாத்திரம் துடைக்கிற துணிதான் கையில் கிடைத்தது.

"என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?" இதை முதலில் கேட்டேன்.

"மாமாதான் சொன்னாரு. 'உங்கத்தைக்குத் தெரிஞ்சா சட்டைக் காலரைப் புடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவா. அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட விடமாட்டா.'"

சுரங்கத்தில் மூச்சுக் கெட்டுச் செத்தவர்களின் பெண்டாட்டிகளுக்கு உதவித்தொகை தருகிற சட்டம். வருஷக்கணக்காக அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார், முதலில் இந்த மேஜையில், அப்புறம் அங்கே. அந்தப் பேச்சில் கொட்டாவி வருகிற இடத்தை எல்லாம் நான்தான் வெட்டச் சொல்வேன்.

"இழுத்துட்டுத்தான் வந்திருப்பேன்" என்றேன். பொய் எதற்கு. "ஓட்டெடுப்பு எப்ப நடந்துச்சு?"

"நடக்கலத்தை. மாமா போன மறுவாரம் வந்துச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சுட்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் பயந்துபோய்ப் பார்த்தான். என்னிடமிருந்து நாலு மாதத்தைத் திருடிக்கொண்டு போய் அங்கே கொடுத்தார், அவர்கள் அதை வாங்கக்கூட இல்லை. நாலு மாதம் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறாயா? ஒன்றும் செய்திருக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேண்டை நான் பிடித்துத் தைத்திருப்பேன்.

மூன்றாவதாக ஒன்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை இங்கே எழுதவில்லை.

முழங்காலுக்குக் கற்பூர எண்ணெய் தேய். ஈரத்தில் நிற்காதே.

வெஸ்டா


சார்ல்ஸ்டன்
ஏப்ரல் 13, 1974

அன்புள்ள அண்ணிக்கு,

நாளை ஈஸ்டர். எல்டன் வருவதாகச் சொன்னவன் வரவில்லை. அவனிடம் என்ன கேட்டீர்கள்? டெலிபோனில் கேட்டால், "அத்தைகிட்ட கேட்டுக்கோம்மா" என்று வைத்துவிட்டான். என்ன சொன்னான்?

எல்லாம் தெரிந்துவிட்டது. இனி நமக்குள் மறைக்க ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை கமிட்டி. ராய்ஸிடம் முடியாது என்று சொல்லிவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், போதும். அது அண்ணன் ஆசை. எல்டனை அவர் கையால் உட்கார வைத்திருக்கிறார். அவனுக்கு இருபத்தெட்டு வயதாகிறது, கல்லூரி முடித்தும் இன்னும் ஒரு இடத்தில் நிலைக்கவில்லை. இது அமைந்தால் ஆளாகிவிடுவான். உங்களையும் கடைசிவரை பார்த்துக்கொள்வான்.

ராய்ஸ் உங்களைப் பயன்படுத்திக்கொண்டு தூக்கிப் போட்டுவிடுவார் அண்ணி. அது உங்களுக்குப் புரிகிறதுதானே?

பதில் உடனே எழுதுங்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

லோரீன்


பிளம் ஃபோர்க்
ஏப்ரல் 17, 1974

அன்புள்ள லோரீனுக்கு,

உன் தூக்கம் போனதாக எழுதியிருந்தாய். பாலைச் சூடாக்கிக் குடிக்காதே, அது வேலை செய்யாது. நான் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று கமிட்டிக்குப் போனேன். கறுப்பு உடுப்பில்தான் போனேன், என்னிடம் வேறு நல்ல உடுப்பு இல்லை. ராய்ஸ் எழுந்து நின்று ஹோபர்ட்டைப் பற்றி நிறையப் பேசினார். பாதிக்கு மேல் நான் வெட்டியிருப்பேன். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா சம்மதம்தானே?" என்றார். சம்மதம் என்றேன். ஓட்டுச்சீட்டில் ஹோபர்ட் பேர் இருந்த இடத்தில் இப்போது என் பேர்.

வெளியே வந்ததும் அவர் மருமகன் எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டான். "கொஞ்சம் அசதியா இருக்கு தம்பி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நவம்பர்வரை அசதியாகவே இருப்பேன். அதற்குப் பிறகு பார், எனக்கு ஒரு தும்மல்கூட வராது. இதை ராய்ஸிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது எப்படி என்று உங்கள் இரண்டு பேரிடமும் ஹோபர்ட்டிடமும்தான் கற்றுக்கொண்டேன்.

கோபத்தில் செய்கிறாள் என்று நினைப்பாய். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நீங்கள் மூன்று பேரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று பேசினீர்கள். அவர் அங்கே சார்ல்ஸ்டனில் இருந்த மாதங்களில் எல்லாம் எங்கள் பின்கதவைத் தட்டியது யார், திறந்தது யார் என்று உங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பாலம் உடைந்ததும் என்னிடம்தான் வந்தார்கள். பென்ஷன் நின்றதும் என்னிடம்தான். ஆறாம் வகுப்புதானா என்று யாரும் கேட்டுவிட்டு அழவில்லை. அந்தச் சட்டம் அடுத்த வருஷம் திரும்ப வருகிறது. அது யாருக்கான சட்டம், லோரீன்? என் மாதிரிப் பெண்பிள்ளைகளுக்குத்தானே. ஹோபர்ட்டால் போட முடியாமல் போன ஓட்டு அங்கே அப்படியே கிடக்கிறது.

ஆனால் எல்டன் ஒரு வார்த்தை வேறு மாதிரி சொல்லியிருந்தால் நான் கமிட்டிக்குப் போயிருக்க மாட்டேன். அதுதான் நீ கேட்டது.

"உனக்கு அந்த எடம் வேணுமா எல்டன்?" என்று கேட்டேன்.

காபியில் சர்க்கரைகூடப் போடவில்லை அவன். வெறும் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"அம்மாவுக்கு வேணும் அத்தை."

உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னான். அவன் பேரும் சீட்டில்தான் இருக்கப் போகிறது. எதிர்த்து நிற்கட்டும், எனக்கு வருத்தமில்லை. மே மாதம் யார் ஜெயித்தாலும் அவன் என் ஹோபர்ட்டின் மருமகன்தான்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் மேஜை. எந்த மேஜை என்று யோசித்தேன். ஹோபர்ட் தொப்பியை வைத்தது உன் மேஜையில். எல்டன் சொன்னதும், கை கொடுத்ததும் அங்கே. அந்த இடம் இந்த வீட்டை விட்டு உன் சமையலறைக்குப் போய்விட்டது என்றால், எதிர்த்து நிற்கிறவள் அங்கே வந்துதான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன். எல்டனை வரச் சொல். ஹோபர்ட் உட்கார்ந்த நாற்காலியை எனக்குப் போடாதே, அதைச் சும்மா விட்டுவை. காபி மட்டும் வை. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, எனக்கு அந்த இடம் வேண்டும், எனக்கே வேண்டும் என்று என் வாயால் சொல்லிவிட்டு, கை கொடுத்தால் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

உன் நீலப் பாத்திரத்தை எடுத்து வெளியே வை. அதில் போடுவதற்கு ஆப்பிள் கேக் சுட்டிருக்கிறேன், ஆறுகிறது.

முழங்காலைப் பார்த்துக்கொள். பஸ் நிற்கிற இடத்துக்கு நீ நடந்து வர வேண்டாம், எனக்கு வழி தெரியும்.

உன் அண்ணி,
வெஸ்டா